ஐந்து உருப்படிகள், பிளாஸ்டிக் உறை இல்லை

போர் நடந்த வருடங்களில் துறைமுக நகரமான போர்ட் சயீத்தைக் காலி செய்தபோது, மெத்தைக்காரர் ஷலபி எங்கள் ஊரான தும்யாத்துக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் வளைந்த ஊசிகள் நான்கு, காந்தத் தலை வைத்த சுத்தியல் ஒன்று, சணல் நூலுருண்டை ஒன்று. பின்னால் அவர் மனைவி இன்ஷிராஹ் தையல் மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்தாள். அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்த கடை என் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. நான் அப்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அந்தத் தேதியும் என் நோட்டில் இருக்கிறது: 1969 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் ஊரில் தச்சரும், மரம் செதுக்குபவரும், பொன்முலாம் பூசுபவரும், மெத்தை அடிப்பவரும் தெருவுக்கு இருபது பேர். கெய்ரோவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல்யாணச் சாமான் வாங்கிப்போவார்கள். இன்னொரு மெத்தைக்காரர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஷலபி போர்ட் சயீத்தில் கப்பல் அறைகளின் இருக்கைகளுக்கு மெத்தை அடித்தவர். இரவும் பகலும் ஈரக் காற்றில் கிடக்கும் இருக்கையை எப்படிக் காப்பாற்றுவது என்பது அவருக்குத் தெரியும். நைல் ஒரு பக்கமும் கடல் ஒரு பக்கமும் இருக்கும் எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. நாற்பது வருடம் எங்களோடு வாழ்ந்தார். கடைசி வரை அவருக்கு 'போர்ட் சயீத்காரர்' என்றுதான் பெயர். நேரில் மட்டும் உஸ்தா என்போம். தொழில் கைவந்தவரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மற்ற மெத்தைக்காரர்கள் வேலை முடிந்ததும் நாற்காலியின் அடிப்பக்கத்தைக் கறுப்புத் துணி வைத்து ஆணி அடித்து மூடிவிடுவார்கள். ஷலபி மூட மாட்டார். வாங்குகிறவரை வரச்சொல்லி, நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, "கையை உள்ள விடுங்க" என்பார். முழங்கை வரை உள்ளே விட்டு, ஸ்ப்ரிங்கை எண்ணி, கயிற்று முடிச்சைத் தடவிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அதன் பிறகுதான் துணியை அடிப்பார். தெருவில் அவரை மருத்துவச்சி என்று கேலி செய்தார்கள். அவர் அதை மறுத்ததாக என் நினைவில் இல்லை.

1997 ஏப்ரலில் நவால் அவரிடம் வந்தாள். நவால் ஆற்றங்கரைத் தெருவில் வெண்ணிறப் பாலாடைக்கட்டி விற்பவள். கணவன் படகோடு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரே மகள் ரீஹாம். அவளுக்கும் ஹுஸாம் என்ற எலெக்ட்ரீஷியனுக்கும் நிச்சயமாகியிருந்தது. எங்கள் ஊரில் வீடு மாப்பிள்ளை பொறுப்பு. வீட்டுக்குள் வரும் மரச்சாமான் முழுவதும் பெண் வீட்டார் பொறுப்பு. சாமான் வண்டியில் ஏறும் முன்பு ஒரு பட்டியல் எழுதுவோம்; சாமானை இறக்கிய பிறகு மாப்பிள்ளை அதில் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு எது நடந்தாலும் அதில் உள்ளவை பெண்ணுடையவை. எங்கள் பகுதியில் அந்தப் பட்டியலை எழுதுவது என் வேலையாக அமைந்துவிட்டது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டதை மட்டும் எழுதுவேன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நவால் வாங்க நினைத்தது விருந்தினர் அறைக்கான சோபா செட். நீள சோபா ஒன்று, கை வைத்த நாற்காலி நான்கு. ஷலபி அவளைப் பதினான்கு கடைகளுக்கு அழைத்துப்போனார். மெத்தை அடிக்காத வெறும் மரச்சட்டம்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு கடையிலும் அவர் சோபாவின் முன்கால் ஒன்றை மட்டும் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்குவார். அதற்குள் மறு முன்காலும் தானாக எழுந்தால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது, மூட்டு சரியில்லை என்று பொருள். பிறகு முதுகுச் சட்டத்தை முழங்காலால் அழுத்தி, காதை வைத்துக் கேட்பார். முனகினால் அடுத்த கடை.

ஒன்பதாவது கடைக்காரன் பொறுமை இழந்துவிட்டான். "உஸ்தா, நாற்காலி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாக்கறவன் இவ்வளவு பாக்கறதில்லப்பா," என்றார் ஷலபி. "அதனாலதான் நாற்காலி அவனைவிட அதிக நாள் வீட்டுல இருக்கு."

பதினான்காவது கடையில் ருமேனியாவிலிருந்து கப்பலில் வந்த கெட்டி மரத்தில் செய்த சட்டங்கள் கிடைத்தன. பொன்முலாம் பூசி வந்த பிறகு ஷலபி ஏழு வாரம் வேலை செய்தார். ஆசனத்துக்கு ஒன்பது ஸ்ப்ரிங், ஒவ்வொரு ஸ்ப்ரிங்கும் எட்டுத் திசையில் சணல் நூலால் கட்டு. மேலே கோணி, பேரீச்ச நார், குதிரை மயிர், பஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே பூ நெய்த கெட்டித் துணி. ஆசனத்துப் பூவும் முதுகுப் பூவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு நாற்காலியை இரண்டு முறை பிரித்தார். நவால் வளையலைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டு எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

"ரீஹாம் அம்மா, இந்தப் பிளாஸ்டிக் வண்டிக்குத்தான்," என்றார் ஷலபி. "வீட்டுக்குப் போனதும் பிரிச்சுப் போட்டுடுங்க. வெள்ளைப் பருத்தித் துணிய மேல போர்த்துங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஜன்னலைத் திறந்து விடுங்க. உள்ள இருக்கறது எல்லாம் செடியிலயும் மிருகத்துலயும் வந்தது. அதுக்கும் மூச்சு விடணும்."

உள்ளே காஜா தைத்துக்கொண்டிருந்த இன்ஷிராஹ் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "சோபாவுக்கு மூச்சு விடணுமாம். என்னை மட்டும் இருபத்தெட்டு வருஷமா இந்த ஜன்னல் இல்லாத ரூம்ல வெச்சிருக்கார்."

நவால் சிரித்தாள், தலையாட்டினாள், வீட்டுக்குப் போனாள். பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் பிளாஸ்டிக்தான் புதியதற்கு அத்தாட்சி. அது இல்லாமல் ஒரு சோபா தெருவில் போனால், யாரோ உட்கார்ந்து எழுந்தது என்று மாடியில் நிற்கும் பெண்கள் முடிவு கட்டிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் பிரிக்காத வீடுகள் ஏராளம். விருந்துக்குப் போனால் சரசரவென்று சத்தம் போடும் சோபாவில் வழுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நவால் ஆற்றைப் பார்த்த கீழ் அறையில் ஐந்து உருப்படிகளையும் வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டினாள். ஹுஸாம் வீடு கட்டப் பணம் சேர்க்க குவைத் போனான். இரண்டு வருடம் என்றது நான்கு வருடத்தை நெருங்கியது.

2001 பிப்ரவரி 4, ஞாயிறு காலை, பட்டியல் எழுத நவால் என்னை வரச்சொன்னாள். சாமான் போவது சனிக்கிழமை, பத்தாம் தேதி. கல்யாணம் அடுத்த வியாழன். அலமாரி, கட்டில், சாப்பாட்டு மேஜை எல்லாம் எழுதி முடித்து கீழ் அறைக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் நவால் சொன்னாள்: "வெளியில இருந்தே எழுதிக்கங்க ஹாஜி. பிளாஸ்டிக் பிரிக்கலைன்னா புதுசுதானே."

ஒன்றையாவது பிரித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் கத்தரியால் சோபாவின் பின்பக்கத்தை வெட்டினாள். தாளின் உள்பக்கம் முழுவதும் நீர்த்துளி. முதுகின் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, கையளவு வட்டங்களாக. நான் அடிப்பக்கத்துத் துணியின் ஓரத்தை விலக்கிக் கையை விட்டேன். வெளியே எடுத்தபோது விரல்கள் துருச் சிவப்பாக இருந்தன. ஒரு நூல் முடிச்சு கையோடு வந்துவிட்டது.

நவால் தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய பயம் ஹுஸாமின் தாய் தவ்லத் பற்றியது. நிச்சயதார்த்தத்தன்று விருந்துத் தட்டுகளின் அடியைத் திருப்பிப் பார்த்தவள் அவள். விதவை வீட்டிலிருந்து பழைய சாமான் வந்தது என்று ஒரு தடவை அவள் சொல்லிவிட்டால், கல்யாணம் தள்ளிப்போகும். தள்ளிப்போகாவிட்டால் ரீஹாம் அந்தப் பேச்சோடு அந்த வீட்டில் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டும். 'புதியது' என்று எழுதிவிடுங்கள் என்று நவால் கேட்டாள். தொட்டதைத்தான் எழுத முடியும் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"நாலு வருஷம் ஒருத்தரையும் தொடவிடாம காப்பாத்தினேன் ஹாஜி," என்றாள். "தொட்டிருந்தா நல்லா இருந்திருக்குமோ?"

நான் போய் ஷலபியை அழைத்துவந்தேன். கூடவே இன்ஷிராஹும் வந்தாள். அன்றைக்கே சொன்னேனே என்று ஷலபி சொல்லவில்லை. இன்ஷிராஹ் சொன்னாள், இரண்டு தடவை. ஷலபி ஐந்தையும் பிரித்துக் கவிழ்த்துப் பார்த்தார். சுவரோரம் இருந்த சோபாவும் இரண்டு நாற்காலிகளும் கெட்டிருந்தன. கதவோரம் இருந்த இரண்டும் தப்பித்திருந்தன. வெயிலில் வைத்தால் போதும். சட்டங்கள் ஐந்தும் நன்றாக இருந்தன. முன்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

"ஆறு நாள் இருக்கு. முடிச்சுடலாம்," என்றார். "ஆனா ஒண்ணு. சனிக்கிழமை வண்டில போகும்போது பிளாஸ்டிக் கிடையாது."

"அதுக்கு என்னையே மூட்டை கட்டி வண்டில போட்டு அனுப்பிடுங்க உஸ்தா. தெரு முழுக்க நிக்கும்."

"நிக்கட்டும். இந்த அஞ்சு நாள் வெயில்ல எவ்வளவு காயும்னு எனக்கே தெரியாது. மிச்ச ஈரம் உள்ள இருக்கும். திரும்பச் சுத்தினா ஆறே மாசத்துல இதே கதைதான். அப்போ இந்த வாசத்தோட இருக்கப்போறது நீங்க இல்ல, உங்க பொண்ணு."

நவால் சாமானைக் கடைக்கு எடுத்துப்போகச் சம்மதித்தாள், அவ்வளவுதான்.

திங்கள் முதல் வியாழன் வரை எங்கள் சந்தில் நடக்க இடமில்லை. கெட்ட மூன்று உருப்படிகளின் துணியை உரித்தார். பஞ்சைத் தூர எறிந்தார். பேரீச்ச நாரையும் குதிரை மயிரையும் வெந்நீரில் அலசி, சந்தின் குறுக்கே கட்டிய கயிற்றில் காயப்போட்டார். சட்டத்தை வெயில் நகர நகர நகர்த்திவைத்தார். ஸ்ப்ரிங் எல்லாம் புதியது. பூஞ்சை பிடித்த துணியில் தண்ணீர் படவிடவில்லை. முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாக, நெசவின் போக்கிலேயே தேய்த்தார். கறை விட்ட இடம் தப்பித்தது. விடாத இடத்தை வெட்டினார்.

வெட்டிய இடத்துக்குத் துணி எங்கே என்று நான் கேட்டபோது, மேல் தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். அதில் ஒரு சீட்டு: 'நவால், 1997'. அவர் அடித்த ஒவ்வொரு செட்டிலும் மிஞ்சிய துணியைச் சீட்டுப் போட்டு வைத்திருந்தார். அளந்தோம்: இரண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். முன்பக்கங்களுக்குச் சரியாக இருந்தது. சுவரைப் பார்க்கும் பின்பக்கங்களுக்குப் போதவில்லை. அங்கே மட்டும் அதே நிறத்தில் பூவில்லாத துணியை இன்ஷிராஹ் தைத்தாள்.

"பின்பக்கத்த யார் பாக்கப்போறா?" என்றாள் நவால்.

"ஹாஜி பாப்பார்," என்றாள் இன்ஷிராஹ். "அவருக்கு வேற வேலை என்ன?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நான் கடைக்கு வந்தபோது வேலை முடியும் நிலையில் இருந்தது. மூன்று உருப்படிகளும் வயிறு திறந்தபடி கவிழ்ந்து கிடந்தன. நவால் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்போது சந்து முனையில் தவ்லத் வருவது தெரிந்தது. மறுநாள் காலை சாமான் பார்க்க வர வேண்டியவள், ஜிலேபி போன்ற எங்கள் ஊர் முஷப்பக் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு முந்தின நாளே நவால் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எல்லாரும் மெத்தைக் கடையில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

போர்வையைப் போட்டு மூடுங்கள் என்று நவால் ஷலபியிடம் கெஞ்சினாள். போர்வை அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் எடுக்கவில்லை.

தவ்லத் வாசலில் நின்று கவிழ்ந்து கிடந்த சோபாவைப் பார்த்தாள். "நவால், இது யாரோடது?"

ஷலபி வாயைத் திறந்தார். நவால் அவரைக் கையமர்த்தினாள்.

"ரீஹாமோடது," என்றாள். "புதுசாத்தான் வாங்கினேன். நாலு வருஷம் பிளாஸ்டிக்கோட பூட்டி வெச்சேன். உள்ளுக்குள்ள பூஞ்சை புடிச்சுப்போச்சு. மூணு உருப்படிய திரும்ப அடிச்சிருக்கோம். பின்பக்கத் துணி வேற. ஹாஜி அப்படியேதான் எழுதப்போறார். இதான் விஷயம், ஹஜ்ஜா."

தவ்லத் உள்ளே வந்தாள். இனிப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். கெட்டுப்போன சாமான் கெட்டுப்போனதுதான், மேலே துணி மாற்றினால் ஆயிற்றா என்று பொதுவாகக் கேட்டாள். ஷலபி வழக்கம்போல் ஒன்றே ஒன்று சொன்னார்: "கையை உள்ள விடுங்க."

அவள் கறுப்பு அங்கியின் கையை மடித்துவிட்டு, குனிந்து, முழங்கை வரை உள்ளே விட்டாள். தட்டைத் திருப்பிப் பார்த்த அதே கவனத்தோடு ஸ்ப்ரிங் ஸ்ப்ரிங்காகப் போனாள். "ஒம்போது," என்றாள். அடுத்த ஆசனம். "ஒம்போது." நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கையை வெளியே எடுத்து முகர்ந்தாள். "வெறும் நார் வாசம்தான் வருது. கெட்டதுன்னீங்களே, அது எங்க?"

ஷலபி மூலையைக் காட்டினார். பழைய பஞ்சு இன்னும் அங்கே குவிந்து கிடந்தது. தவ்லத் ஒரு கைப்பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு முறை முகர்ந்தாள்.

"இது எங்க வீட்டு வாசம்," என்றாள் தவ்லத். "என் கல்யாண சோபா. இருபத்தாறு வருஷமாச்சு, இன்னும் பிளாஸ்டிக் பிரிக்கல. புது சோபா வாசம் போகாம இருக்குன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருக்கேன்."

முதலில் சிரித்தது இன்ஷிராஹ். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு தவ்லத்தும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நவாலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முஷப்பக் பெட்டியை அங்கேயே பிரித்தோம்.

ஆனால் வண்டியில் பிளாஸ்டிக் கூடாது என்று ஷலபி சொன்னபோது தவ்லத்தும் எளிதில் இறங்கிவரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் தெருவுக்குத் தெரியுமா என்றாள். உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள் என்றார் ஷலபி. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேளத்தோடு மூன்று திறந்த வண்டிகள் வந்தன. கட்டிலும் அலமாரியும் முதல் வண்டியில் ஏறின. சோபா செட் இரண்டாவது வண்டியில், வெயிலில் பொன்முலாம் தெரிய, மேலே ஒன்றும் சுற்றாமல். மாடிகளில் பெண்கள் சேரத் தொடங்கினார்கள். "பிளாஸ்டிக் எங்கே?" என்று ஒரு குரல் கேட்டது, எனக்கே கேட்டது என்றால் நவாலுக்கும் கேட்டிருக்கும். அந்த நேரத்தில் தவ்லத் ஒரு ஸ்டூல் கேட்டாள். அதில் ஏறி வண்டிக்குள் போனாள். சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். கண்ணாடி விளக்கு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹுஸாம் ஓடிவந்தான். "அம்மா, இறங்கும்மா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். விளக்கு உடைஞ்சா நீயா வாங்குவ? வண்டிய எடுக்கச் சொல்லு."

ஆற்றங்கரைத் தெருவிலிருந்து ஹுஸாமின் புது வீடு வரை இரண்டு கிலோமீட்டர். வழி முழுவதும் அவள் அப்படியே உட்கார்ந்து போனாள். மாப்பிள்ளையின் தாயே உட்கார்ந்திருக்கும் சோபாவைப் பழையது என்று யார் சொல்வார்கள்? மாடிகளில் கை தட்டினார்கள். நவால் மூன்றாவது வண்டியில் டிரைவர் பக்கத்தில் அழுதுகொண்டே வந்தாள் என்று டிரைவர் பிறகு சொன்னான்.

புது வீட்டில் சாமான் இறக்கிய பிறகு பட்டியலைப் படித்தேன். பதினேழாவது வரி இப்படி இருந்தது: 'பொன்முலாம் பூசிய சோபா செட், ஐந்து உருப்படிகள். மூன்றில் ஸ்ப்ரிங்கும் பஞ்சும் 2001 பிப்ரவரியில் மாற்றியது. பின்பக்கம் பூவில்லாத துணி. பிளாஸ்டிக் உறை இல்லை.' இல்லாத ஒன்றை எதற்கு எழுத வேண்டும் என்று ஹுஸாம் கேட்டான். கையெழுத்துப் போடு என்றாள் தவ்லத். போட்டான்.

கூலி வேண்டாம் என்று ஷலபி நவாலிடம் பிடிவாதம் செய்தார். கடைசியில் வெங்காயம் அடைத்து வறுத்த வாத்து இரண்டு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மார்ச் மாதம் தவ்லத் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். இருபத்தாறு வருடப் பிளாஸ்டிக்கை அவளே வெட்டினாள். சட்டத்தையும் குதிரை மயிரையும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை என்று ஷலபி என்னிடம் சொன்னார். அந்தப் பழைய தாளைக் கொண்டுவந்து இன்ஷிராஹின் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டார். "ஒருவழியா எனக்கும் ஒரு பரிசு கொண்டுவந்தார்," என்றாள் இன்ஷிராஹ். அதே கோடையில் கடைச் சுவரை உடைத்து அவளுக்கு ஒரு ஜன்னல் வைத்தார்.

ஷலபி 2009 அக்டோபரில் இறந்தார். கடைசி வாரம் வரை அவர் அடித்த எந்த நாற்காலியின் அடியையும் வாங்குகிறவரின் கை படாமல் மூடியதில்லை. மேல் தட்டிலிருந்த துணிச் சுருள்களை இன்ஷிராஹ் சீட்டில் இருந்த பெயர்ப்படி அந்தந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

போன மாதம் ரீஹாமின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் நாற்காலிகளில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் துணி மடித்து ஓரமாக இருந்தது. ரீஹாம் தேநீர் கொண்டுவரப் போன நேரத்தில் நான் குனிந்து சோபாவின் முன்கால் ஒன்றைப் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கினேன். மறுகாலும் கூடவே எழுந்தது.